பந்தலூரிலிருந்து வந்த 104 எம்பி

எங்கள் அம்மாயியும், அதாவது அம்மாவின் அம்மாவும், அவருடைய தங்கச்சியும் சேர்ந்திருக்கிற ஒரே படம், இரண்டு வருடத்துக்கு முன்பு வரை என்னிடம் வெறும் 94 கேபியாக இருந்தது. அந்த 94 கேபிக்கு நான்தான் காரணம். 2006இல், ஸ்டூடியோ ஒன்றில் கையாளாகச் சேர்ந்து மூன்றாவது வருடம், என் கையாலேயே அதை ஸ்கேன் செய்தேன்.

படம் 1972இல் எடுத்தது. சின்ன அம்மாயி குடும்பம் இந்தியாவுக்குப் போவதற்கு முந்தின கிழமை, எல்லோரும் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஹட்டன் டவுனுக்கு நடந்தே போய் எடுத்துக்கொண்டார்களாம். 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரை 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பிரித்தது. மிச்சமிருந்த 150,000 பேரின் கதையைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டது. அந்தக் கணக்கில் அக்கா இந்தப் பக்கம், தங்கச்சி அந்தப் பக்கம். ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலேறித் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். ஸ்டூடியோக்காரர் இரண்டு பிரதி போட்டுக் கொடுத்தார். ஒன்று எங்கள் காம்பராவில், தோட்டத்து லயத்தில் எங்களுக்கிருந்த அறையில், தங்கியது. மற்றது தகரப் பெட்டிக்குள் சேலை மடிப்பில் கப்பலேறியது.

எங்கள் பிரதி சட்டம் போட்டு, அடுப்புச் சுவருக்கு எதிரே தொங்கியது. விறகுப் புகை ஒரு பக்கம், ஆடி மாசத்து ஈரம் இன்னொரு பக்கம். நான் அதை ஸ்டூடியோவுக்கு எடுத்துப்போய் ஸ்கேனரில் வைத்தபோது, திரையில் வந்த அமைப்பை அப்படியே விட்டுவிட்டு அழுத்தினேன். 150 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 150 புள்ளி. கோப்பு வகை ஜேபெக். தரம் 'நடுத்தரம்'. 6 அங்குலத்துக்கு 8 அங்குலப் படம், 900க்கு 1200 புள்ளிகளாகச் சுருங்கியது. திரையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அசலைக் கொண்டுவந்து பழைய ஆணியிலேயே மாட்டினேன்.

2009 ஜூலைக் காற்றில் கூரைத் தகரம் இரண்டு பிய்த்துக்கொண்டு போனது. விடிய விடிய மழை. காலையில் பார்த்தால் படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் மேற்பூச்சு ஜெலட்டின். நனைந்தால் பசை மாதிரி ஆகிவிடும், காய்ந்தால் எதன்மேல் படுகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். அப்படியே விட்டிருந்தால் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்திருக்கலாம் என்பது இன்றைக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை. மாமா மெதுவாக உரித்தார். முகங்கள் கண்ணாடியில் தங்கிவிட்டன, கையில் வந்தது வெறும் தாள்.

2011இல் அம்மாயி போய்ச் சேர்ந்தார். துக்க வீட்டுக்குப் பெரிய படம் வேண்டும் என்றார்கள். என்னிடம் இருந்தது அந்த 94 கேபி மட்டும். அதற்குள் அதை நான் சும்மா வைத்திருக்கவில்லை. ஒரு தடவை ஓரத்தை வெட்டிச் சேமித்தேன், இன்னொரு தடவை வெளிச்சத்தைக் கூட்டிச் சேமித்தேன், யாரோ கேட்டார்கள் என்று சின்னதாக்கி, அதையே பழைய பெயரில் சேமித்தும் விட்டேன். அம்மாயி முகத்தை மட்டும் வெட்டி, மூன்றடிக்குப் பெருப்பித்து அச்சடித்துக் கொண்டுவந்து இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், நிறுத்தினோம். கன்னம் முழுக்கச் சதுரம் சதுரமாக இருந்தது. வந்தவர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா மட்டும் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "ஏன்டா, ஓடு பதிச்ச சுவர் மாதிரி இருக்கு?" என்று கேட்டார்.

அந்தச் சதுரங்கள் என்ன என்பதைத் தேடிப் போனதில்தான் நான் படக் கோப்பு வகைகளைப் படித்தேன். இந்தப் பதிவில் எழுதுவதெல்லாம் அதற்குப் பிறகு கற்றது.

ஜேபெக் என்பது 1992இல் தரநிலையான வகை. அதன் அடித்தளம் 1974இல் நசீர் அஹமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் மூவரும் வெளியிட்ட கணித முறை. முதலில் படத்தை 8க்கு 8 புள்ளிகள் கொண்ட சின்னச் சதுரங்களாக வெட்டும். ஒவ்வொரு சதுரத்தையும் 'எவ்வளவு சமமாக இருக்கிறது, எவ்வளவு வேகமாக மாறுகிறது' என்ற 64 எண்களாக மாற்றும். பிறகு, மனிதக் கண் அவ்வளவாகக் கவனிக்காத நுண்ணிய மாற்றங்களுக்குரிய எண்களைப் பெருமட்டாக வெட்டிவிடும். பல எண்கள் பூச்சியமாகிவிடும், அதனால்தான் கோப்பு சிறிதாகிறது. தரத்தைக் குறைக்கக் குறைக்க வெட்டும் கூடும். கடைசியில் ஒவ்வொரு சதுரமும் பக்கத்துச் சதுரத்தோடு ஒட்டாமல் தனித்தனியாகத் தெரியும். அம்மாயி கன்னத்தில் அம்மா பார்த்தது அந்த 8க்கு 8 சதுரங்களைத்தான்.

வெட்டிப் போட்ட எண்கள் திரும்ப வராது. இது ஒன்றை மட்டும் யாராவது எனக்கு 2006இல் சொல்லியிருக்கலாம்.

அதற்காக ஜேபெக்கைக் கெட்டது என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கும் கல்யாண வீட்டுக்காரர்களுக்கு நான் கொடுப்பது ஜேபெக்தான், தரம் 92இல் வைத்து. எந்தப் போனிலும் திறக்கும், எந்த அச்சுக் கடையிலும் எடுப்பார்கள். 24 மெகாபிக்சல் படம், 6000க்கு 4000 புள்ளிகள், சுருக்காமல் வைத்தால் 72 எம்பி. நல்ல தரத்து ஜேபெக்கில் பத்து எம்பிக்குப் பக்கத்தில் அடங்கிவிடும், அச்சில் வித்தியாசம் கண்டுபிடிக்கவும் முடியாது. கொடுப்பதற்கு அருமையான வகை. மூலமாக வைத்துக்கொண்டு அதன்மேல் திரும்பத் திரும்பக் கை வைப்பதில்தான் பிரச்சினை.

"ஜேபெக்கைத் திறந்து பார்த்தாலே தேய்ந்து போகும்" என்று சொல்வார்கள். தேயாது. ஆயிரம் தடவை திறந்து பார்க்கலாம், ஆயிரம் தடவை பிரதி எடுக்கலாம். திறந்து, மாற்றி, மறுபடி ஜேபெக்காகச் சேமிக்கும்போதுதான் இழப்பு. அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சென் கிளேயர்ஸ் நீர்வீழ்ச்சியை வீதியோரத்தில் நின்று எடுத்த ஒரு படத்தை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். ஒன்றும் மாற்றாமல், அதே மென்பொருளில், அதே தரத்தில் இருபது தடவை சேமித்தேன். முதல் இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு பெரிதாக ஒன்றும் கெடவில்லை, எண்கள் ஒரு நிலைக்கு வந்து நின்றுவிட்டன. அடுத்து, ஒவ்வொரு தடவையும் இடது ஓரத்தில் மூன்று புள்ளிகளை மட்டும் வெட்டிச் சேமித்தேன். எட்டாவது தடவையிலேயே அருவியின் நுரை அழுக்குப் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. ஓரத்தை வெட்டியதும் 8க்கு 8 கட்டங்கள் புதிய இடத்தில் விழுகின்றன, பழைய வெட்டின் மேலேயே புதிய வெட்டு. நான் அம்மாயி படத்துக்குச் செய்தது இதைத்தான். வெட்டினேன், வெளிச்சம் கூட்டினேன், அளவைக் குறைத்தேன்.

என் அப்பா நர்சரியில் வேலை செய்தவர். தேயிலை நாற்றுக்கு விதை போடுவதை விட்டுத் துண்டு வெட்டி நடுகிற காலம் அது. அதற்கென்று தாய்ச்செடிகள் தனியாக நிற்கும். அந்தச் செடியில் கொழுந்து எடுக்க விடமாட்டார்கள், துண்டு எடுக்க மட்டும்தான். நான் படங்களையும் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறேன். தாய்க்கோப்பு என்று ஒன்று தனி அடைவில் இருக்கும், அதில் யாரும் சேமிக்க முடியாதபடி வாசிக்க மட்டும் என்று பூட்டியிருப்பேன். வட்ஸ்அப்புக்கு, அச்சுக்கு, முகநூலுக்கு, எல்லாமே அதிலிருந்து எடுத்த துண்டுகள்.

கெமராவில் எடுக்கும் படத்துக்குத் தாய்க்கோப்பு 'ரா' கோப்பு. ரா என்றால் பச்சை, சமைக்காதது. என்னுடையது பழைய நிக்கோன் டி7100, இரண்டாம் கையாக வாங்கியது. அதில் ரா கோப்பு என்இஎஃப் என்று விழும். கெனனில் சிஆர்2 அல்லது சிஆர்3, சோனியில் ஏஆர்டபிள்யூ. சென்சரில் விழுந்த வெளிச்சத்தின் எண்கள் அப்படியே அதில் இருக்கும். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட், அதாவது 256 படி. என் கெமராவின் ரா கோப்பில் 14 பிட், 16,384 படி.

சமவெளியில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் சாதாரணமாகத் தெரியாமல் போகலாம். எங்களுக்குத் தினமும் தெரியும், ஏனென்றால் எங்களுக்கு மூடுபனி இருக்கிறது. அப்புத்தளைக்கு மேலே லிப்டன் சீட்டில் காலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள். வெள்ளையிலிருந்து சாம்பல், சாம்பலிலிருந்து பச்சை, எங்கே ஒன்று முடிந்து எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று காட்டவே முடியாது. அந்தப் படத்தை ஜேபெக்கில் எடுத்துவிட்டு, "கொஞ்சம் இருட்டாக இருக்கு" என்று வெளிச்சம் கூட்டினால், இருக்கிற சில படிகளை இழுத்து விரிக்கிறோம். பனி படிக்கட்டாக உடையும். கவ்வாத்து வெட்டின மலையில் வரிசை தெரிவது போல வானத்தில் வரிவரியாகக் கோடு விழும். ராவில் ஒவ்வொரு படிக்கும் நடுவில் இன்னும் 63 படிகள் இருப்பதால் இழுக்கத் தாங்கும். அந்த இடத்துக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை ஜேபெக்கில் எடுத்துக் கெடுத்துவிட்டு, ரா எடுப்பதற்கென்றே மறுபடி போனேன்.

சிவப்புச் சேலையும் அப்படித்தான். ஜேபெக் சாதாரணமாக வெளிச்சத்தை முழு நுணுக்கத்தோடும், நிறத்தை நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி என்று கால்வாசி நுணுக்கத்தோடும் வைத்துக்கொள்ளும். நம் கண் நிறத்தை விட வெளிச்சத்தைக் கூர்மையாகப் பார்க்கும் என்பதால் பெரும்பாலும் இது தெரியாது. கூறைச் சேலையின் சிவப்புக்கும் சரிகைக்கும் நடுவில் தெரியும். தேர்த் திருவிழாவில் சிவப்புக் கொடியின் ஓரம் பச்சைத் தேயிலைக்கு முன்னால் படபடக்கும்போது தெரியும். சிவப்பு கரைந்து பக்கத்தில் வழிந்த மாதிரி இருக்கும். ஜேபெக்காகச் சேமிக்கும்போது சில மென்பொருட்களில் 4:2:0, 4:4:4 என்று ஒரு தெரிவு இருக்கும். 4:2:0 நிறத்தைக் கால்வாசியாக்கும், 4:4:4 முழுதாக வைக்கும். சேலைப் படத்துக்கு 4:4:4 போடுங்கள். கோப்பு கொஞ்சம் பெருக்கும், சரிகை சரிகையாக இருக்கும்.

ராவுக்கு உள்ள பயம் வேறு. ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு வகை, உள்ளே என்ன இருக்கிறது என்று பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை. கோடாக் 1992இல் ஃபோட்டோ சிடி என்று ஒன்று கொண்டுவந்தது. அதற்கென்று தனிக் கோப்பு வகை. பிறகு கைவிட்டுவிட்டார்கள், இன்று அதைத் திறக்கத் தனியாக மென்பொருள் தேட வேண்டும். அதனால் முக்கியமான படங்களை டிஎன்ஜியாகவும் மாற்றி வைக்கிறேன். அது 2004இல் அடோபி வெளியிட்ட ரா வகை, அமைப்பு எல்லோருக்கும் திறந்தது. இதைச் செய்தே ஆக வேண்டும் என்று சொல்ல மாட்டேன், எனக்கு அதில் நிம்மதி இருக்கிறது.

பிஎன்ஜியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1996இல் வந்தது, ஒரு புள்ளிகூட இழக்காது. அழைப்பிதழ், பெயர்ப்பலகை, எழுத்துள்ள படம், திரைப்பிடிப்பு இவற்றுக்கு அதுதான் சரி. அழைப்பிதழை ஜேபெக்கில் போட்டால் எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்த மாதிரி இருக்கும். புகைப்படத்தையும் பிஎன்ஜியில் வைக்கலாம், தரம் போகாது, ஆனால் கோப்பு பெருக்கும். அச்சுக் கடைகளும் அதைவிட, அடுத்துச் சொல்லப்போகிற டிஃப் வகையைத்தான் விரும்புகின்றன.

ஐபோன் வைத்திருப்பவர்கள் 2017க்குப் பிறகு ஹெய்க் என்ற வகையைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ அதே தரத்துக்கு ஜேபெக்கில் பாதி இடம்தான் பிடிக்கும். "கடையில் திறக்கவில்லை" என்று சொல்லி எல்லாவற்றையும் மொத்தமாக ஜேபெக்காக்கி, ஹெய்க்கை அழித்துவிடாதீர்கள். ஹெய்க்தான் உங்கள் தாய்க்கோப்பு. கடைக்கு மட்டும் ஜேபெக் எடுத்துக் கொடுங்கள்.

இனி டிஃப். எனக்குப் பிடித்தது இதுதான். 1986இல் ஆல்டஸ் என்ற கம்பனி உருவாக்கியது, 1992இல் வந்த ஆறாவது பதிப்புதான் இன்றுவரை அடிப்படை. அவ்வளவு பழசு என்பதாலேயே நம்புகிறேன். 16 பிட் தாங்கும், சுருக்காமல் வைக்கலாம், சுருக்கினாலும் இழப்பில்லாத முறைகள் உண்டு. உலகத்துச் சுவடிக்கூடங்கள் பழைய படங்களை ஸ்கேன் செய்து வைக்க இதைத்தான் பெரும்பாலும் எடுக்கின்றன.

சுருக்காத டிஃபில் இன்னொரு பலம் உண்டு, அதை நட்டப்பட்டுத்தான் கற்றேன். எங்கள் ஊர் ஈரத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க் பழுதாகத் தொடங்கியபோது, அதிலிருந்த ஜேபெக் படங்கள் பல பாதிவரை சரியாகவும் பாதிக்குக் கீழே ஒரே சாம்பலாகவும் திறந்தன. ஜேபெக்கில் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி போல் கோத்திருக்கும், நடுவில் ஒரு கண்ணி போனால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் குழம்பும். அதே டிஸ்க்கில் இருந்த சுருக்காத டிஃப் படங்களில் இரண்டொரு கோடுதான் விழுந்திருந்தது. கோட்டைத் திருத்திவிட்டேன். இப்போது இரண்டு டிஸ்க், ஒன்று தலவாக்கலையில் என் கடையில், மற்றது ஹட்டனில் அக்கா வீட்டில். இரண்டும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் இருக்கின்றன.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தது. லயங்களே, தொழிலாளர் வரிசை வீடுகளே, மண்ணுக்குள் போயின. ஒரு குடும்பத்தில் மிஞ்சியவர்களிடம் போனவர்களின் படம்கூட இல்லை என்றால் அது என்ன மாதிரி என்று யோசித்து அன்றைக்குத் தூங்கவில்லை. அந்த வருடம் மார்கழியிலிருந்து, வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கேனரையும் லப்டொப்பையும் முதுகில் போட்டுக்கொண்டு தோட்டங்களுக்குப் போகிறேன். படத்தை அவர்கள் வீட்டை விட்டு வெளியே எடுத்துப் போவதில்லை. அவர்கள் பார்க்கவே ஸ்கேன் செய்து கையில் கொடுத்துவிடுவேன்.

எப்படிச் செய்கிறேன் என்பதைச் சொல்கிறேன், யாராவது உங்கள் ஊரில் செய்ய நினைத்தால் உதவும். தாளில் உள்ள படத்துக்கு 600 டிபிஐ. பாஸ்போர்ட் அளவுப் படமாக இருந்தால் 1200. கறுப்பு வெள்ளைப் படத்தையும் நிறத்திலேயே ஸ்கேன் செய்வேன். நிறப் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்காக இருக்கும். மஞ்சள் கறை நீல நிற அடுக்கில் கறுப்பாக விழும், சிவப்பு அடுக்கில் கிட்டத்தட்ட மறைந்தே போகும், பிறகு சிவப்பு அடுக்கை மட்டும் எடுத்துக் கறையில்லாத படம் செய்யலாம். சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்தால் அந்த வழி அடைபட்டுவிடும். ஒரு நிறத்துக்கு 16 பிட். 'தானாகத் திருத்து', 'கூர்மையாக்கு' எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். சேமிப்பது டிஃப். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்வேன். ஸ்டூடியோ முத்திரை, பென்சில் எழுத்து, சில வேளை கடன் கணக்குகூட இருக்கும். படத்தில் இருப்பவர்களின் பெயர்களைக் கேட்டு, இடமிருந்து வலமாக, கோப்பின் உள்ளேயே விளக்கப் பகுதியில் தமிழில் எழுதிவிடுவேன். கோப்பின் பெயரை யாராவது மாற்றினாலும் உள்ளே எழுதியது தங்கும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தங்காது. அது வேகமாகப் போக வேண்டும் என்பதற்காகப் படத்தைச் சின்னதாக்கும், உள்ளே எழுதிய விவரங்களையும் எடுத்துவிடும்.

ஊருக்கெல்லாம் இப்படிச் செய்துகொண்டிருந்தேனே தவிர, எங்கள் படம் 94 கேபியாகவே கிடந்தது.

சின்ன அம்மாயி குடும்பம் நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம் இருப்பது தெரியும். அங்கே சிலோன்காரர்கள் என்றுதான் சொல்வார்களாம். போனவர்களுக்கென்று அரசு போட்ட டேன்டீ தோட்டத்தில்தான் அவர்களுக்கும் வேலை கிடைத்தது. இங்கே பறித்த அதே கொழுந்தை அங்கேயும் பறித்தார்கள். கடிதம் நின்றுபோய், பிறகு போன் வந்து, 2023இல் ஒரு கல்யாண வீடியோவில் அவருடைய பேரனின் நம்பர் கிடைத்தது. முறைக்கு எனக்குத் தம்பி. இரண்டாவது தடவை பேசும்போதே கேட்டுவிட்டேன்.

"தம்பி, கப்பலேறுறதுக்கு முன்னுக்கு எடுத்த படம் ஒன்னு உங்க வீட்டுல இருக்கா?"

"இருக்குண்ணே. பாட்டி பெட்டில இருக்கு. அனுப்பட்டுமா?"

அரை மணி நேரத்தில் வந்தது. போனால் படத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். சின்ன அம்மாயியின் நெற்றியில் டியூப்லைட் வெளிச்சம் கோடாகக் கிடந்தது, படம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஆனாலும் முகங்கள் இருந்தன. கண்ணாடியில் ஒட்டிப் போன முகங்கள். நான் கடையை அரை மணி நேரம் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

கடையில் கொடுத்து ஸ்கேன் செய்ய முடியுமா என்று கேட்டேன். அடுத்த கிழமை பிடிஎஃப் வந்தது. பிடிஎஃப் ஒரு உறை மாதிரி, உள்ளே பெரும்பாலும் இருப்பது ஜேபெக்தான். கடைக்காரர்கள் பத்திரம், ரேஷன் கார்டு ஸ்கேன் செய்து பழகியவர்கள், எழுத்து தெரிந்தால் போதும் என்ற அளவில்தான் உள்ளே சுருக்கியிருந்தது. பிரித்து எடுத்துப் பார்த்தேன், 8க்கு 8 சதுரங்கள்.

"தம்பி, டிஃப் வேணும்னு சொல்லு, 600 டிபிஐ."

மூன்றாவதாக வந்தது டிஃப்தான். 52 எம்பி. 3600க்கு 4800 புள்ளிகள். கணக்கெல்லாம் சரி. மகிழ்ச்சியோடு திறந்து நான்கு மடங்கு பெருப்பித்தேன். அதே சதுரங்கள். கடையில் இருந்த பையன் பழைய ஜேபெக்கையே திறந்து, அளவை நீட்டி, டிஃப் என்று சேமித்துக் கொடுத்திருக்கிறான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை, கேட்டதைத்தான் கொடுத்தான். அரைத் தம்ளர் தேத்தண்ணியில் சுடுதண்ணி ஊற்றி நிரப்பினால் தம்ளர் நிறையும், சாயம் கூடாது. யாராவது உங்களுக்கு டிஃப் தந்தால் கோப்பின் அளவை மட்டும் பார்த்து நம்பாமல், பெருப்பித்து, இருட்டான ஒரு மூலையைப் பாருங்கள். சதுரம் இருந்தால் அது ஏற்கனவே ஜேபெக்காக இருந்து வந்தது.

தம்பிக்குச் சலிப்பு வந்திருக்கும் என்று நினைத்தேன். அவன் கேட்டது வேறு.

"அண்ணே, எதுக்கு இவ்வளவு? முகம் தெரியுதே?"

அம்மாயி சாவு வீட்டில் நின்ற படத்தைப் பற்றி அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் கூடலூர் போய் நானே பக்கத்துல நின்னு பண்ணிட்டு வர்றேன்" என்றான். என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். புதிதாக ஸ்கேன் செய்ய வேண்டும். 600 டிபிஐ. 48 பிட் நிறம், மூன்று நிறத்துக்கும் 16 பிட். திருத்தம் ஒன்றும் வேண்டாம். நேராக டிஃப். பின்பக்கமும்.

ஞாயிற்றுக்கிழமை போனான். இரவு ஒன்பது மணிக்குச் செய்தி வந்தது: "பெருசா இருக்குண்ணே, போக மாட்டேங்குது." படமாக அனுப்பாதே, டொகியுமென்ட்டாக அனுப்பு, அப்போதுதான் ஒரு பிட்கூட மாறாது என்று சொன்னேன். அவர்கள் லைன் வீட்டில் சிக்னல் ஒரு கோடுதானாம், போனை ஜன்னலில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டான். நான் இந்தப் பக்கம் இரண்டு தடவை எழும்பிப் பார்த்தேன். காலை ஐந்தே முக்காலுக்கு முன்பக்கம் வந்து சேர்ந்தது. 104 எம்பி. 3600 பெருக்கல் 4800, அதை மூன்று நிறம், நிறத்துக்கு இரண்டு பைட் என்று ஆறால் பெருக்கிப் பார்த்தேன், சரியாக வந்தது.

அம்மாவை அன்றைக்குக் கடைக்குக் கூட்டிவந்தேன். திரைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். பெருப்பித்தேன். சதுரங்கள் இல்லை. சின்ன அம்மாயியின் தோடு, நடுக்கல் தெரிந்தது. பின்னால் நின்ற தாத்தாவின் கோட்டில் பொத்தான் ஒன்று இல்லை, அந்த இடத்தில் நூல் தெரிந்தது. அம்மா ஒவ்வொரு முகமாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார்.

படத்தில் அக்கா தங்கச்சி இருவரும் நடுவில் நாற்காலியில் இருப்பார்கள். இருவருக்கும் இடையில் அம்மாயியின் சேலை மடிப்பு. என் பழைய ஜேபெக்கில் அந்த இடம் வெறும் கறுப்பு. இதிலும் முதலில் கறுப்பாகத்தான் தெரிந்தது. 16 பிட் இருக்கிறதே என்று, துண்டு ஒன்று எடுத்து, இருட்டை மட்டும் மெதுவாகத் திறந்தேன். மடிப்புக்கு அடியில் ஒரு கை வந்தது. பிறகு இன்னொன்று. தங்கச்சியின் மணிக்கட்டை அக்கா பிடித்திருக்கிறார், வெளியே தெரியாமல், சேலைக்குள். ஸ்டூடியோக்காரர் கையை மடியில் வைக்கச் சொல்லியிருப்பார்.

அம்மா எழுந்து திரைக்குக் கிட்டப் போனார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வெகு நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னுக்கு ஏதும் எழுதியிருக்கா?" என்று கேட்டார்.

பின்பக்கம் அப்போது இன்னும் வந்துகொண்டிருந்தது. அறுபத்திரண்டு சதவீதம். அம்மா மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார், நான் தேத்தண்ணி போட எழுந்தேன்.